கேசட்டில் இருந்த இரைச்சல்

நவம்பர் 19, புதன்

டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பழைய டேப் ரெக்கார்டரைச் சரிசெய்து கொண்டுவந்தாள் மகள். செத்துப்போன தன் அம்மா பாடிய கேசட்டைப் போட்டாள். பாட்டு வரவில்லை. கீச்சென்று ஒரே இரைச்சல்.

“இஷ்! கெட்டுப்போயிடுத்தாப்பா?”

“ஆமாம்மா, பழசுதானே” என்றேன்.

பொய். அந்தச் சத்தம் இன்னதென்று தெரிந்த கிழவன் இங்கே நான் ஒருவன்தான். டிவியில் மாட்டுகிற என் முதல் கம்ப்யூட்டருக்குப் புரோகிராமை இப்படிக் கீச்சொலியாகக் கேசட்டில்தான் பதியவேண்டும். அவசரத்தில் கைக்கு அகப்பட்ட இந்தப் பாட்டுக் கேசட்டின் மேலேயே பதிந்திருக்கிறேன். போட்டால் திரையில் என் மனைவியின் பெயர் ஓடும், அவ்வளவுதான். பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள்.

கம்ப்யூட்டரை எப்போதோ எடைக்குப் போட்டாயிற்று. இனி அந்தப் பெயரும் வராது.

பாட்டு அழிந்தது அவளுக்குத் தெரிந்திருக்குமோ? அதற்குப் பிறகு அவள் பாடிக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை.