குதிரையை சேவ் பண்ணச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாயே

வேளச்சேரி, மதராஸ்
19-8-48, வியாழன்

அன்பு மகன் ஹபீபுர் ரஹ்மானுக்கு அத்தா பீர் முஹம்மது ராவுத்தர் சலாம் சொல்லி எழுதச் சொன்னது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அங்கே பூனாவில் உனக்கும் அவனே காவல். உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்தது. எழுதுகிறவள் உன் தங்கை சகினா, வெளியாளிடம் சொல்லி எழுதுகிற சங்கதி இல்லை இது, உன் அம்மாவை அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறோம். பெருநாளைக்கு நீ வராதது அவளுக்குப் பெரிய குறை, உன் பங்கு சோற்றை யாருக்கும் கொடுக்க மனசில்லாமல் மறுநாள் வரை மூடி வைத்திருந்து கெட்டுப்போனது. பின்பக்கச் சுவருக்கு இந்த வருஷமும் மண்தான் பூசினேன், ஐப்பசி மழைக்கு நிற்குமோ நிற்காதோ. நீ அனுப்பிய பணமும் வந்தது. உன் சம்பளம் எனக்குத் தெரியும், மாசம் பதினைந்துக்கு மேல் உன்னால் அனுப்ப முடிந்ததில்லை, இந்த மாசம் பதினைந்தும் வந்து அதற்குமேல் ஐம்பது எங்கிருந்து முளைத்தது? போஸ்டாபீஸ் சேவிங்ஸில் போட்டு வையுங்கள் என்று எழுதியிருக்கிறாய். போடவில்லை, நோட்டுகளை வந்த மடிப்பிலேயே வைத்திருக்கிறேன். அதே கடுதாசியின் கீழ்ப்பக்கத்தில், 28ஆம் தேதி சனிக்கிழமைக் குதிரைப் பந்தயத்தில் சாந்தினியை நீதான் ஓட்டுகிறாய் என்றும், குதிரைகளைப் பழக்குகிற ட்ரெயினர் தொரை தோளில் கைபோட்டு இந்தத் தடவை அவளை சேவ் பண்ணு, அடுத்த மாசம் பெரிய கோப்பைக்கும் நீதான் ஏறுவாய் என்று சொன்னதாகவும், உன்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்றும் எழுதியிருக்கிறாய். சகினா நல்ல சேதி என்று சிரித்தாள். நான் மூன்று தடவை படிக்கச் சொன்னேன்.

அவளுக்கு அது பள்ளிக்கூடத்து வார்த்தை. மாம்பலத்தில் பாடம் சொல்லும் சூடாமணி டீச்சரிடம் கேட்டு வந்தாள், தண்ணீரில் விழுந்தவனைத் தூக்கினாலும் அதுதானாம், காசு சேர்த்தாலும் அதுதானாம், வீண் அலைச்சலைக் குறைத்தாலும் அதுதானாம், கெட்ட அர்த்தம் ஒன்றுகூட இல்லையாம். அந்தம்மா என்னைப்போலக் குதிரை லாயத்தில் வேலை பார்த்ததில்லை. யுத்தத்தின்போது சம்பளத்தில் பிடித்துக்கொண்டு சேவிங்ஸ் என்று ஒரு சீட்டுக் கொடுத்தார்கள், அது இன்னும் சீட்டாகவே பெட்டியில் கிடக்கிறது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியானபோது, உயிரை சேவ் பண்ணிக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் சொன்ன முதலாளி காரில் பெங்களூருக்குப் போனார், குதிரைகளுக்குக் காவலாக எங்களை இங்கேயே விட்டுவிட்டு. அதனால் யார் சொன்னாலும் யாருக்காக என்றுதான் நான் முதலில் கேட்பேன். லாயத்தில் அந்த வார்த்தைக்கு இழுத்துப் பிடி, ஜெயிக்கவிடாதே என்று அர்த்தம். இன்றைக்குத் தோற்றால் அந்தக் குதிரைமேல் யாரும் பணம் கட்டமாட்டார்கள், பெரிய நாளில் குதிரையின் சொந்தக்காரர் மட்டும் கட்டி ஒன்றுக்குப் பத்தாக அள்ளுவார். இது உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தெரியாதவன்போல எனக்கு எழுதியிருக்கிறாய் என்றுதான் எனக்குச் சந்தேகம்.

மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டும் வெள்ளைச்சாமி முன்னே ஜாக்கியாக இருந்தவன் என்று உனக்குத் தெரியும். ஏன் விட்டான் என்று நீ கேட்டபோதெல்லாம் கீழே விழுந்து கால் ஒடிந்தது என்று சொன்னேன், அது பொய். முப்பத்தொன்றாம் வருஷம், தை மாசம், புதன்கிழமை, மூன்றாவது பந்தயம். பெட்டைக் குதிரை, பெயர் மெஹர்பான், பின்னங்கால் இரண்டும் வெள்ளை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எங்கள் ட்ரெயினர் தொரை சேணத்து வாரை இறுக்குகிற சாக்கில் குனிந்து, “சேவ் ஹர், சாமி” என்றார், அவன் தலையசைத்தான். கடைசித் திருப்பத்தில் அவள் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறாள், இவன் லகானை மார்போடு இழுத்துப் பிடித்திருக்கிறான், வேலியோரம் வேர்க்கடலை விற்கிறவன்கூடப் பார்த்தான். ஒரு தலை வித்தியாசத்தில் தோற்றாள். பந்தயத்தை விசாரிக்கிற ஸ்டூவர்டுகள் எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஜெயிக்கத்தான் சொன்னேன் என்றார் தொரை. இல்லை, இழுக்கச் சொன்னார், பீர் பாய் பக்கத்திலேயே நின்றார், அவரைக் கேளுங்கள் என்றான் வெள்ளைச்சாமி. என்னைக் கேட்டார்கள்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது தொரை” என்றேன்.

தெரியும் மகனே. எழுதப் படிக்கத்தான் தெரியாது, காதில் விழுந்தது ஒன்றையும் நான் மறந்ததில்லை. உனக்கு அப்போது ஐந்து வயசு, லாயத்துக் குடிசையில் இருந்தோம், வாயைத் திறந்திருந்தால் அன்று சாயங்காலமே நம் சட்டிபானை தெருவில் கிடந்திருக்கும். அவனுக்கு லைசென்ஸ் போனது. தொரைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மறுமாசம் இரண்டு ரூபாய் சம்பளம் கூடியது. பதினேழு வருஷமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவன் சவுக்கைத் தூக்கிக் காட்டி, “இன்னா பாய், இங்கிலீஷ் கத்துக்கினியா?” என்று கேட்கிறான். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய், நானும் சிரித்திருக்கிறேன்.

உன் குதிரைக்குக் கடிவாளம் பிடிக்கிற இசக்கிமுத்து உன்னை அண்ணன் மாதிரி பார்த்துக்கொள்கிறான் என்று எழுதியிருந்தாய். பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் அவன் சாட்சி சொல்வான் என்று நம்பாதே, அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும். ஐம்பதையும் உன் பேருக்கே நாளைக்கு மணியார்டர் செய்கிறேன், கொடுத்தவர் கையிலேயே பகலில் நாலு பேர் பார்க்கக் கொடுத்துவிடு. சனிக்கிழமை ஏறும்போது தொரை குனிவதற்கு முன்னால் நீயே உரக்கக் கேள், ஜெயிக்கத்தானே ஓட்ட வேண்டும் என்று, அடுத்த குதிரைக்காரனுக்கும் கேட்கட்டும். உன்னை இறக்கிவிட்டு வேறு ஆளை ஏற்றினால் பேசாமல் இறங்கிவிடு. ஏற்றிவிட்டால் அவள் போகிற வேகத்துக்கு விடு. வேலை போனால் மெயில் ரயிலைப் பிடித்து வந்துவிடு, உன்னை ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டோம்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசும் ஈமானும் தந்து, விழாமல் வைத்திருப்பானாக. பூனா மழையில் நனைந்துகொண்டு திரியாதே, உனக்கு மார்புச்சளி சீக்கிரம் பிடிக்கும். இந்தக் கடுதாசியை அங்கே யாரிடமும் காட்டாதே, கிழித்தும் போடாதே. அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதற்கு இதைத் தவிர வேறு எழுத்து எங்கேயும் இல்லை. சகினா எழுதி முடித்துவிட்டாள், என் முகத்தைப் பார்க்காமல் மையை நீட்டுகிறாள்.

இப்படிக்கு,
உன் அத்தா
பீர் முஹம்மது ராவுத்தர்
இடது கைப் பெருவிரல் ரேகை