எல்லோருக்கும் ஒரே மண்டபம்

ஏப்ரல் 4

கோடை முகாம் உதவி மையத்தின் இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. இந்தக் கோடையிலிருந்து முகாம் நடத்தும் எவரும் உங்கள் பயிற்சி வகுப்பை முடித்தால்தான் அனுமதி என்று எழுதியிருக்கிறது. கீழே என் தங்கையின் கையெழுத்து. அவள் கையெழுத்தைப் பார்த்துப் பல வருடங்களாகின்றன. சுற்றறிக்கையிலாவது பார்க்கக் கிடைத்ததே.

இந்த ஏரிக்கரையில் முதல் கூடாரம் அடித்தவன் நான். மற்ற ஐந்து முகாம்களும் எனக்குப் பின்னால் முளைத்தவை. அதில் ஒருவர், அந்த மீசைக்காரர், என் சமையல்காரரையே கிளப்பிக்கொண்டு போனவர். அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முகாம் நடத்துவது எப்படி என்று நான் பாடம் கேட்க வேண்டும். பாடம் எடுக்கப்போகிறவர் யார் என்றும் விசாரித்தேன். என் முகாமில் முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றுகொண்டு, மூழ்குகிறேன் என்று ஊரைக் கூட்டிய பையன்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். எனக்கு மட்டுமாவது விலக்குக் கொடு. கொடுக்க மாட்டாய் என்று தெரியும். கேட்கவில்லை என்று நாளை நீ சொல்லக்கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

போன் செய்ய வேண்டாம். போனில் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது என்று உன் அண்ணி சொல்கிறாள். எழுத்தில் ஏறாதாம். பார்ப்போம்.

இப்படிக்கு,
ஏரிக்கரையின் முதல் முகாம் நடத்துநர்
(பட்டம் பெற்றவன், பயிற்சி பெறாதவன்)


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் எல்லோருக்கும் முன்னால் பிரித்தேன். உறையின் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் கையில் இருந்த டீயை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. சாயங்காலம் பீரோவுக்குள் இருந்து எடுத்தார்கள்.

விலக்குக் கொடுக்க முடியாது. அண்ணனுக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதியா என்று அடுத்த நாளே மீசைக்காரர் வந்து நிற்பார். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் கொடுக்க மாட்டீர்கள். சமையல்காரர் திடீரென்று நின்றுவிட்டால் மாற்று ஆள், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் செவிலியர், பெற்றோர் சண்டைக்கு வந்தால் என்ன பேசுவது என்று சொல்ல ஒரு போன் எண். நாம் இருவரும் சேர்ந்து நடத்திய காலத்தில் இதில் ஒன்றாவது இருந்ததா? நாம் பட்ட பாட்டை அடுத்தவர்கள் படவேண்டாம் என்றுதான் நான் இங்கே வந்தேன். உங்களை விட்டுப் போகவில்லை. இதை நேரில் சொல்ல எத்தனையோ முறை புறப்பட்டுப் பாதி வழியில் திரும்பியிருக்கிறேன்.

வகுப்புக்கு வாருங்கள். பாடம் எடுக்கும் தம்பி நல்லவன். உங்களை நினைத்தால் அவனுக்கு இன்னும் முழங்கால் நடுங்குகிறதாம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 19

தங்கைக்கு,

வந்தேன். பார்த்தேன். பாதியில் எழுந்தும் வந்துவிட்டேன். பாடம் எடுத்த உன் தம்பி எப்படியும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியிருப்பான், ஆகையால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

முதல் நாள் ‘நடத்துநரின் கோபம்’ என்று ஒரு பாடம். “ஒரு முகாமில் ஒரு நடத்துநர் இருந்தார்” என்று ஆரம்பித்தான். சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் வரத் தாமதமானதற்காக மணியையே கழற்றி ஏரியில் எறிந்த நடத்துநர். வகுப்பே சிரித்தது. மீசைக்காரர் என் பக்கம் திரும்பி, “யாருங்க அந்த மகராசன்?” என்றார். அந்தக் கதை வெளியே தெரிய ஒரே ஒரு வாய்தான் உண்டு. அது இப்போது இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். கோபப்பட மாட்டேன் என்று உன் அண்ணி சத்தியம் வாங்கியிருந்தாள்.

இரண்டாம் நாள் புயல் மழைப் பாடம். ஏரி பொங்கினால் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவீர்கள் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்லச் சொன்னான்.

“பள்ளிக்கூட மண்டபத்துக்கு” என்றார் முதல் ஆள்.

“அருமை. அடுத்தவங்க?”

“பள்ளிக்கூட மண்டபம்தாங்க.”

“வெரி குட்.”

மூன்றாவது, நான்காவது, மீசைக்காரர். எல்லோருக்கும் அதே மண்டபம், எல்லோருக்கும் சபாஷ். கடைசியில் என் முறை வந்தது.

“நான் வந்து சேர்றதுக்குள்ள மண்டபத்துல நிக்கக்கூட இடம் இருக்காது தம்பி. என் பிள்ளைங்க வாசல்ல நின்னு மழையை வேடிக்கை பார்க்கணுமா?” என்றேன்.

“சார், நெகட்டிவா யோசிக்காதீங்க. அது மையம் பரிந்துரை செஞ்ச இடம்.”

“பரிந்துரை செஞ்சது சரி. ஆறு பேருக்கும் ஒண்ணையே செஞ்சீங்களே, அதைத்தான் கேக்கறேன்.”

“ஒவ்வொருத்தர் திட்டத்தையும் நாங்க தனித்தனியா சரிபார்த்திருக்கோம் சார்.”

தனித்தனியாக. அதுதான் கோளாறு. தனித்தனியாகப் பார்த்தால் ஆறும் அப்பழுக்கில்லாத திட்டங்கள். ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்கள் மையத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை அவனிடம் சொன்னேன். “சார் வழக்கம்போல கோபப்படறார்” என்று வகுப்பைப் பார்த்துச் சிரித்தான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
மணியை எறிந்த மகராசன்


ஏப்ரல் 22

அண்ணா,

மணிக் கதையை நான் சொல்லியிருக்கக் கூடாது. பெயர் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

ஆனால் மற்றது நியாயமில்லை. வகுப்பில் குற்றம் கண்டுபிடிக்கவே போனீர்கள், கண்டுபிடித்தீர்கள், எழுந்து வந்துவிட்டீர்கள். அந்த மண்டபம் பெரியது. தலைமையாசிரியர் ஒவ்வொரு முகாமுக்கும் மனதாரச் சம்மதம் சொல்லியிருக்கிறார். கடைசி நாள் வகுப்பு மிச்சமிருக்கிறது. அதற்கு நீங்கள் வராவிட்டால் உங்கள் அனுமதியில் நான் கையெழுத்துப் போட முடியாது. எழுதும்போதே கை கூசுகிறது. இருந்தாலும் போட மாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 24

தங்கைக்கு,

கையெழுத்துப் போடாதே. முகாம் திறக்காவிட்டால் இந்தக் கோடையில் நான் வீட்டில் உட்கார்ந்து உன் அண்ணியின் சமையலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் பாடுதான் திண்டாட்டம்.

ஆனால் ஒன்று செய். நான் சொன்னேன் என்பதை மறந்துவிடு. முன்பின் தெரியாத யாரோ சொன்னதாக வைத்துக்கொள். அந்தத் தலைமையாசிரியரிடம் போய் நின்று, ஆறு முகாமும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேள். ஏரி பொங்கும் நாளில் அது ஆறு பேருக்கும் சேர்த்துத்தான் பொங்கும். முறை வைத்துக்கொண்டு பொங்காது.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன். அதற்காகக் குற்றம் இல்லையென்று ஆகிவிடுமா?

அண்ணன்


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனேன்.

தலைமையாசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உபசாரமாகப் பேசினார். “ஆமாம்மா, ஒவ்வொருத்தரா வந்து கேட்டாங்க. நல்ல காரியமாச்சேன்னு எல்லாருக்கும் சரின்னுட்டேன்.”

“எல்லாரும் ஒரே நாள்ல வந்தா என்ன சார் பண்ணுவீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். “ஒரே நாள்ல வருவோம்னு யாருமே சொல்லலையேம்மா” என்றார்.

பிறகு இருவருமாக மண்டபத்தைப் போய்ப் பார்த்தோம். பாதி மண்டபத்தில் உடைந்த பெஞ்சுகள். மீதி இடத்தில் ஒரு முகாம் படுக்கலாம். நெருக்கிப் படுத்தால் ஒன்றரை. ஏரியிலிருந்து மண்டபத்துக்கு வரும் வழியில் ஒரு குறுகிய பாலம் வேறு. பாலத்தின் மேல் நின்று ஆறு பஸ்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன் அண்ணா. வகுப்பில் சபாஷ் வாங்கிய திட்டம். மையத்தின் பரிந்துரை ஆறிலும் என் கையெழுத்து இருக்கிறது.

நிர்வாகக் குழுவைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யார் கண்டுபிடித்தது என்றும் சொன்னேன். குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது: கடைசி நாள் வகுப்பில் நீங்கள் இருந்தாக வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் பெஞ்சில் அல்ல. அந்த வகுப்பை நீங்களே எடுக்கவேண்டும். ஆறு முகாமுக்கும் ஆறு இடம். அதை ஆறு பேரும் ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

தம்பி கரும்பலகையைத் துடைத்துத் தருவதாகச் சொல்கிறான்.

உங்கள் தங்கை


மே 6

தங்கைக்கு,

வகுப்பு எடுத்தேன். நீ வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். உள்ளே வந்திருக்கலாம், கடித்துத் தின்றிருக்க மாட்டேன்.

அதற்கு முன்பு ஏரியைச் சுற்றி அலைந்து இடங்களைப் பிடித்தேன். ஒரு சினிமா தியேட்டர், கூட்டுறவுச் சங்கக் கிடங்கு, ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடம், கல்லூரி விடுதி, பஸ் டெப்போ. பள்ளிக்கூட மண்டபமும் சேர்த்து ஆறு. தியேட்டர்காரர்தான் பேரம் பேசினார். “பிள்ளைங்க படம் போடச் சொல்லி அடம் பிடிச்சா?” என்றார். “போட்டுடுங்க. உங்க தியேட்டர் நிறையறதை நீங்களும் ஒரு நாள் பார்த்த மாதிரி இருக்கும்” என்றேன். அண்ணி பக்கத்தில் நின்று கிள்ளினாள். ஆனால் அவர் சிரித்துச் சம்மதித்துவிட்டார்.

வகுப்பில் யாருக்கு எது என்ற சண்டை வந்தது. எல்லோருக்கும் மண்டபம்தான் வேண்டும், டெப்போ யாருக்கும் வேண்டாம். என்னைப் பற்றி இத்தனை காலம் முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள், அன்றைக்கு முகத்துக்கு நேராகவே பேசினார்கள். அது ஒரு முன்னேற்றம்தான்.

மீசைக்காரர் எழுந்து, “நல்ல இடத்தை நீங்க எடுத்துக்கிட்டு, ஆயில் நாத்தத்துக்கு எங்களை அனுப்பலாம்னுதானே வந்தீங்க?” என்றார்.

“மண்டபம் உங்களுக்கு” என்றேன்.

“எனக்கா? எதுக்கு?”

“உங்ககிட்டதான் ரொம்பச் சின்னப் பிள்ளைங்க இருக்கு. பாலத்துக்குப் பக்கத்துலயும் நீங்கதான். உங்களைப் பிடிச்சுப்போய்க் குடுக்கலை.”

“டெப்போ?”

“எனக்கு.”

அதற்குப் பிறகு சண்டை இல்லை. அவரவர் இடத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவரை நான் மன்னித்துவிட்டதாக நீ நினைத்துக்கொள்ளாதே. பிள்ளைகள் யாருடைய முகாமில் இருந்தாலும் நனைந்தால் தும்மத்தான் செய்யும்.

என் அனுமதி தபாலில் வந்தது. உன் கையெழுத்து கோணலாக இருக்கிறது. அவசரமாகப் போட்டாயா?

அண்ணன்


ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்றுதான் ரோடு திறந்து தபால் போகிறது. நீங்கள் போனை எடுக்கவில்லை, டெப்போ மேலாளர்தான் எடுத்து, “சார் பிசியா இருக்காரு, பஸ் ஓட்டிக்கிட்டிருக்காரு” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளைகள் பத்திரம் என்றார், அது போதும் என்று வைத்துவிட்டேன்.

புயல் வந்த அன்றைக்கு, மத்தியானம் வானம் கறுத்ததிலிருந்து நாங்கள் உதவி எண்ணின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். முதலில் தியேட்டரிலிருந்து அழைப்பு: எல்லோரும் உள்ளே, இடைவேளை எப்போது என்று கேட்கிறார்கள். அடுத்து கிடங்கு. அடுத்து விடுதி. பிறகு தொழிற்சாலை. உங்கள் டெப்போ. தம்பி ஒவ்வொரு முகாமின் பெயரையும் பலகையில் எழுதிக்கொண்டே வந்தான், கையெல்லாம் சாக்கட்டி.

மீசைக்காரரிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. தம்பி சாக்கட்டியோடு பலகை முன்னாலேயே நின்றான். கடைசியில் மணி அடித்தது.

“தங்கச்சி, மண்டபத்துல இருக்கோம். எங்க வண்டி தாண்டின கையோட பாலத்தை மூடிட்டாங்க. தண்ணி மேலேயே போகுது.”

“பிள்ளைங்க?”

“ஒருத்தர் விடாம உள்ள. தங்கச்சி, நான் உங்க அண்ணன்கிட்ட அந்த மண்டபத்தைக் கேக்கவே இல்லை. அவரே குடுத்தாரு. இதைச் சொல்லத்தான் போன் பண்ணேன்.” சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நம் முகாமின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஏரி வந்துவிட்டதாம், கூடாரங்கள் போய்விட்டனவாம். எல்லா முகாமிலும் அப்படித்தான். பழைய திட்டத்தின்படி ஐந்து பஸ்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம் மழையில் நின்றிருக்கும் அண்ணா. அதை நினைத்து நான் அழுதேன். பிறகு தம்பி பலகையைத் தட்டிக்காட்டினான். ஆறு பெயரும் இருந்தன. அதன் பிறகு ஆபீஸில் ஒரே கூத்து, யார் யாரைக் கட்டிக்கொண்டோம் என்றே தெரியாது.

குழு கூடியது. இனி ஒவ்வொரு கோடைக்கு முன்பும் எல்லாத் திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. எதிலும் நல்லதே கண்ணில் படாத ஆளாக இருந்தால் நல்லது என்றார் தலைவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வருவீர்களா?

உங்கள் தங்கை


ஜூன் 7

என் தங்கைக்கு,

பஸ் ஓட்டியது உண்மைதான், ஆனால் அது நின்ற இடத்திலேயே நின்றது. டெப்போவில் ஓடாத பஸ்கள் வரிசையாக இருந்தன. கூடாரத்துக்கு ஒரு பஸ் என்று பிரித்துவிட்டேன். கண்டக்டர்கள் வீட்டுக்குப் போக முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டவர்கள், ஆளுக்கொரு விசிலைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தப் புத்திசாலித்தனத்துக்காக அவர்களை நான் லேசில் விடப்போவதில்லை. ஒரு குட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்து, “சார், இந்த பஸ் எப்ப கிளம்பும்?” என்றாள். “மழை விட்டதும்” என்றேன். “அப்ப எனக்கு ஜன்னல் சீட்” என்று போய் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். தாய் தகப்பன் வந்தபோது பாதிப் பேர் இறங்க மாட்டேன் என்றார்கள்.

தண்ணீர் வடிந்ததும் முகாமுக்குப் போய்ப் பார்த்தேன். மிஞ்சியது கொடிக்கம்பம்தான். அண்ணி பயந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ சிரிப்பு வந்தது. போனதெல்லாம் துணியும் கழியும். அதை யார் வேண்டுமானாலும் திரும்ப அடிக்கலாம். மற்ற ஐந்து பேரும் மண்வெட்டியோடு வந்து நிற்கிறார்கள். என் முகாமில் ஆரம்பித்து வரிசையாகச் செய்வதென்று அவர்களே பேசி முடிவு செய்துகொண்டார்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்று தெரிந்திருக்கிறது.

நீ கேட்ட வேலையை ஒப்புக்கொள்கிறேன். நல்லதே கண்ணில் படாத ஆள் என்று உங்கள் தலைவர் சொன்னதை அப்படியே நியமனக் கடிதத்தில் போடச் சொல். எனக்கு அதில் வெட்கமில்லை. ஏரிக்கரையில் உள்ள அத்தனை பிள்ளைகளும் காய்ந்த தலையோடு வீட்டுக்குப் போனார்கள் என்றால், அதற்கு இந்தக் கண்தான் காரணம்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸுக்கு வருகிறேன். யாரும் வாசலில் வந்து நிற்க வேண்டாம், மாலை கீலை என்று ஒன்றும் வேண்டாம். நீ மட்டும் நிற்பதானால் நின்றுகொள்.

உன் அண்ணன்