வெள்ளிக்கிழமைகளில் சைவமான ஆமைகள்

அக்கா,

இன்று காலை இந்தக் குளிர்தேசத்துப் பிளேஸ்டோவில் மழை விட்டதும் குப்பைத் தொட்டியின் மூடியில் ஒரு கொழுத்த நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. ஓடில்லாத, சாம்பல் நிற நத்தை. விரலால் எடுத்து டப்பாவில் போட்ட பிறகுதான் இன்று வெள்ளிக்கிழமை என்று உறைத்தது. திரும்பக் கொண்டுபோய்ச் செடியடியில் விட்டேன். உங்கள் வீட்டுச் சட்டம் இப்போது என் வீட்டில் நடக்கிறது.

என்னைவிட மூன்றே மாதம் மூத்தவர் நீங்கள். அதற்காகவே அக்கா என்று கூப்பிட வைத்தீர்கள். என்னை 'நீர்' என்றீர்கள். யாழ்ப்பாணத்துச் சைவம், முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடமாட்டீர்கள். நான் தஞ்சாவூர்க்காரி, கோழிக்குழம்பு இல்லாத ஞாயிறு எனக்கு ஞாயிறே இல்லை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அப்படியிருந்தும் நத்தையைக் கண்டு முகம் சுளித்தவள் நான்தான்.

ஆஸ்பத்திரி லாண்டரியில் உங்களோடு வேலை பார்த்தவர் ஊர் மாறிப் போகும்போது இரண்டு ஆமைகளை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். வெயில் நாட்டு ஆமை, காய்ந்த இடத்தில் வைத்து விளக்கைப் போட்டால் போதும் என்று சொல்லியிருந்தார். வீட்டுக்குள் ஆமை வந்தால் ஆகாது என்று கனடாவிலிருந்து உங்கள் தங்கை போன் போட்டுக் கத்தினார். "அதுகள் தானா வரேல்லையடி, நான்தான் தூக்கிக்கொண்டு வந்தனான்" என்றீர்கள். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஆனால் இரண்டும் கண் வீங்கி, கீரையைத் திரும்பியும் பார்க்காமல் மூலையில் கிடந்தன. வேறு யாராவது என்றால் வந்த ஆமையைக் குறை சொல்லியிருப்பார்கள். நீங்கள் ஒரு சனிக்கிழமை முழுவதும் அவற்றைச் சமையலறை மேசையில் வைத்து, போனில் இருந்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். முதுகோட்டின் பின்பகுதியில் கதவுக் கீல் போல ஒரு மடிப்பு இருந்தது. பயந்தால் அந்தப் பகுதியைத் தாழ்த்திப் பின்கால்களை மூடிக்கொள்ளும். கீல் ஆமை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டீர்கள். எந்தக் கீல் ஆமை என்பதுதான் கேள்வி. கடைசியில் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டு, என் விரலைப் பிடித்து ஓட்டின் மேல் நகர்த்தினீர்கள்.

"இஞ்ச பாரும், பின்னுக்கு மதில் மாதிரி நேரா இறங்குது. இது காட்டுச் சாதி. ஈரமும் நிழலும்தான் வேணும். நாங்கள் இவ்வளவு நாளும் இதுகளைப் போட்டு வறுத்திருக்கிறம்."

அன்றே அந்தச் சுடுகிற விளக்கு போயிற்று. ஒரு பழைய தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, தினமும் இரண்டையும் ஊறவைத்தீர்கள். பெட்டி நிறைய மக்கிய இலையும் மரப்பட்டையும் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டீர்கள். கண் திறந்தது. பிறகுதான் இந்தச் சாதி நத்தையும் மண்புழுவும் காளானும் தின்னும் என்று தெரியவந்தது. இத்தோடு விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் குந்தியிருக்கிறீர்கள். ஒவ்வொரு நத்தையிடமும் "மன்னிச்சுக்கொள்ளு" என்று சொல்லிச் சொல்லி எடுக்கிறீர்கள்.

"அக்கா, நீங்க சைவமாச்சே?"

"ஓம், நான் சைவம். இதுகள் எப்ப எனக்கு வாக்குக் குடுத்ததுகள்?" என்றீர்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை மட்டும் இவையளும் சைவம். காளான் குடுப்பம்" என்றீர்கள்.

ஒரு குட்டியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் உங்கள் ஒரே ஆசை. அதைக் கெடுத்தவள் நான். நீங்கள் ஆமைகளை என் பொறுப்பில் விட்டுத் தங்கையைப் பார்க்கக் கனடா போன பத்து நாளில் பெண் ஆமை மண்ணைத் தோண்டி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. அன்றும் வெள்ளிக்கிழமை. வீடு முழுக்கக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்த கை சும்மா இருக்குமா? முட்டைகளில் ஒட்டியிருந்த மண்ணைக் குழாயடியில் கழுவி, துண்டால் துடைத்து, குட்டி பொரிக்க நீங்கள் வாங்கி வைத்திருந்த இன்குபேட்டரில் வரிசையாக அடுக்கினேன். இட்டபடியே, திருப்பாமல் எடுக்க வேண்டும், திருப்பினால் உள்ளே கரு செத்துப்போகும் என்பதைப் பிறகுதான் படித்தேன். உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் ஐந்து மாதம் காத்திருந்தீர்கள். ஒன்றும் பொரிக்கவில்லை. "நான் சூட்டைக் கூட்டிப்போட்டன். என்ர பிழை" என்று சொல்லி, அவற்றை ரோஜாச் செடியடியில் புதைத்தீர்கள். பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அடுத்த முறை மூன்று முட்டைகள். நீங்களே எடுத்து, ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தீர்கள். அதற்குள் உங்களுக்கு நோய் முற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் நாள் இன்குபேட்டரையும் ஆமைகளையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டீர்கள். மூடியின் உட்புறம் உங்கள் உருண்டைக் கையெழுத்தில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது: "புள்ளி மேலே. கழுவ வேண்டாம்."

கழுவியதைப் பற்றி நான் உங்களிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை, அக்கா. மண்ணில் கிடந்த முட்டை அவ்வளவு வெள்ளையாக இருக்காது என்று திரும்பி வந்த அன்றைக்கே கண்டுபிடித்திருப்பீர்கள். தெரிந்துகொண்டேதான் ஐந்து மாதம் காத்திருந்தீர்கள். தெரிந்துகொண்டேதான் பழியையும் உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். "முட்டை சுகமோ?" என்றீர்கள் முந்திக்கொண்டு. நல்லா இருக்கு என்றேன். "அது தன்ர பாட்டில வரும். நீர் தொடாமல் இரும், அதுவே காணும்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் நீங்கள் இல்லை.

இரண்டு முட்டைகள் கெட்டுப்போயின. மூன்றாவது ஐந்தாம் மாதம் விரிசல் விட்டது. குட்டி முழுதாக வெளியே வர இரண்டு நாள் ஆயிற்று. முதுகெல்லாம் ஈர மண். துடைக்கத் துறுதுறுத்த கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அதற்கு இன்னும் கீல் வரவில்லை. வளர வளரத்தான் வரும், அதுவரை தன்னை மூடிக்கொள்ளத் தெரியாது. நீங்கள் பார்த்திருக்க வேண்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று அதற்குக் காளான் நறுக்கி வைத்தேன். நாளை சனிக்கிழமை. செடியடியில் விட்ட நத்தை அங்கேயே இருந்தால் எடுப்பேன். எடுக்கும்போது உங்கள் தமிழில் "மன்னிச்சுக்கொள்ளு" என்பேன். அதில் பாதிதான் நத்தைக்கு.