அண்ணனின் ஓட்டு

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். உன் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ தெரியாது, அதனால் கம்பெனி விலாசத்துக்கே எழுதுகிறேன்.

கார் வாங்கிவிட்டேன், கரண்டில் ஓடுகிற கார். ஆசைப்பட்டு வாங்கவில்லை. கடைவீதியில் இனி கரண்ட் வண்டிகளுக்கு மட்டும்தான் பார்க்கிங் என்று நகராட்சி சொல்லிவிட்டது. என் நோயாளிகளில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்த கால்களுக்குப் பயிற்சி கொடுக்க நான்தானே வீடு தேடிப் போக வேண்டும்?

வாங்கிய பிறகுதான் தலைவலி. நம் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் சார்ஜ் போடக் கூடாதாம். மார்க்கெட் பக்கத்துப் பொது சார்ஜரில் போட்டால், நிறைந்த உடனே வண்டியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். நிறைந்ததும் ஃபோன் அடிக்கும், அதனால் எந்நேரமும் ஒரு காது அதில்தான். சோற்றில் கை வைத்தால் அப்பா, "போ போ, அடிக்குது பார்" என்று விரட்டுகிறார்.

மாதக் கடைசியில் நம் கட்டடத்து வீட்டுக்காரர்கள் சங்கக் கூட்டம். கீழ்த்தளத்தில் சார்ஜர் வைக்கலாமா என்று ஓட்டெடுப்பு. வீடு உன் பேரில் இருப்பதால் ஓட்டும் உனக்குத்தான். அதையோ நீ சங்கச் செக்ரட்டரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாய். 'சரி' என்று போடச் சொல்லி அவருக்கு ஒரு வரி எழுது, அண்ணா.

உன் தங்கை

மார்ச் 17

அருமைத் தங்கைக்கு,

சைக்கிளில் பிரேக் பிடிக்கத் தெரியாமல் வேலியில் போய் விழுந்தவள் கார் ஓட்டுகிறாளா! அப்பாவைப் பின் சீட்டில் உட்கார வை. முன்னால் உட்கார்ந்தால் உனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

செக்ரட்டரிக்கு எழுதிவிட்டேன். "தங்கை ஆசைப்படுகிறாள், பார்த்துச் செய்யுங்கள்" என்று. இப்படிப் போடுங்கள் என்று உத்தரவு போட்டால் மனிதர் முகம் சுருங்கிவிடும். அப்பா மயங்கி விழுந்த அன்று ஓடி வந்தவர் அவர்தானே. நீயும் அவரோடு மல்லுக்கு நிற்காதே.

உன் அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

தோற்றுவிட்டோம், ஒரே ஒரு ஓட்டில்.

'வேண்டாம்' என்பவர்கள் கை தூக்கும்போது செக்ரட்டரி முதலில் ஒரு கையைத் தூக்கினார். பிறகு அடுத்த கையையும் தூக்கி, "இது கப்பல்காரர் கை. பாத்துச் செய்யச் சொல்லியிருக்கார், பாத்தேன். கீழ தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

முதல் மாடி பேக்கரிக்காரர் கரண்ட் வேனுக்குச் சொல்லி வைத்திருந்தார். மறுநாளே வேண்டாம் என்றுவிட்டார். "நீ படற பாட்டைப் பாத்தப்புறம் எனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்கிறார்.

நேற்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. என் நோயாளி, ஒரு தையல்காரம்மாவை நாற்காலியைப் பிடித்து நிற்க வைத்திருந்தேன். ஃபோன் அடித்தது. "இப்படியே புடிச்சுக்குங்க, இதோ வந்துடறேன்" என்று வண்டியை எடுக்க ஓடினேன். வந்து பார்த்தால் தரையில் கிடக்கிறார். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. "இனிமே வராதீங்கம்மா" என்றாள் அவர் மகள், குரலைக்கூட உயர்த்தாமல். என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. உன் மேல் கோபம் கோபமாக வருகிறது.

தங்கை

ஏப்ரல் 15

அன்புத் தங்கச்சிக்கு,

அவர் இப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவே இல்லை. உடனே கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார். அடுத்த கூட்டத்துக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். அதுவரை அவரிடம் கோபத்தைக் காட்டாதே. லீவில் வந்ததும் பேசிக்கொள்ளலாம்.

அண்ணன்

ஏப்ரல் 28

அண்ணா,

உன் வீட்டைக் காலி செய்துவிட்டோம். புது வீட்டில் இரண்டே அறைகள், ஒன்றை அப்பாவின் கட்டிலே அடைத்துக்கொண்டது. ஆனால் வாசலிலேயே சார்ஜர் இருக்கிறது.

கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. "அண்ணன் வர்றவரைக்கும் பொறுத்துக்கலாமாப்பா?" என்று கேட்டேன். "அவன் வந்தாலும் செக்ரட்டரியைக் கேட்டுட்டுத்தான் நம்மகிட்ட பேசுவான்" என்றார். நான் கதவைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

புது விலாசம் பின்பக்கத்தில். எங்களைப் பார்க்கத் தோன்றினால் யாரிடமும் சொல்லி அனுப்பாதே. நீயே வா.

தங்கை