மைதிலி தானாகப் போட்ட கணக்கு

என் ராஜி அக்காவுக்கு,

நீ இதைப் படிக்கப்போவதில்லை. போனவர்கள் மேலே இருந்து பார்க்கிறார்கள் என்பதை நான் என்றைக்கும் நம்பியதில்லை, நீயும் நம்பியதில்லை. ஆனால் உன் பழைய மாணவர்கள் நினைவு மலர் போடுகிறார்கள். தங்கையும் எழுத வேண்டுமாம். "டீச்சரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை மேடம், அது மதி, போதும்" என்றான் ஒருவன். நல்ல வார்த்தைகளை அவர்களே எழுதிக்கொள்ளட்டும். நான் உனக்கு வீட்டுச் செய்தி சொல்கிறேன்.

மைதிலியின் செய்தி. நீ கல்லூரியில் நடத்திய அதே சர்க்யூட் பாடத்தில் உன் மகள் இரண்டு முறை தோற்றாள். ஆசிரியர் அறையில் சிரித்தார்கள் என்று நீயே வந்து சொன்னாய். சாப்பாட்டு மேசையில், அத்திம்பேர் எதிரில், நீயும் சிரித்தாய். "என் வயித்துல பொறந்ததுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் எழுத வரலை, கேட்டியா உமா? பேசாம கல்யாணத்தைப் பண்ணி அனுப்பிடலாம்." அவள் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைத்ததாக நினைவில்லை.

நீ போன பிறகு மூன்றாம் முறை எழுத வேண்டியிருந்தது. இதிலும் தோற்றால் மேலே படிக்க முடியாது, வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அத்திம்பேர் என்னைக் கூப்பிட்டார். "நீயும் அதே படிப்புதானே. சும்மா பக்கத்துல இரு, போறும்." அதே படிப்புதான். பட்டத்தை வாங்கிக்கொண்டு அரசு அலுவலகத்தில் கோப்பு பார்க்கப் போனவளுக்கு என்ன நினைவிருக்கும்? இருந்தாலும் அலுவலகம் விட்டதும் கரமனையில் உங்கள் வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

முதல் நாள் அவள் மின்சுற்றை வரைந்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"என்னடி?"

"முதல் வரி நீங்க எழுதுங்கோ சித்தி."

"ஏன், நீ எழுதேன்."

"நான் எழுதினா அம்மா சிரிப்பா. அப்பறம் அம்மாவே எழுதிடுவா."

நீ இன்னும் இருப்பது போலச் சொன்னாள், அக்கா. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது.

உனக்கு வழி எழுத வேண்டியதே இல்லை. சுற்றைப் பார்ப்பாய், விடையை எழுதுவாய். அந்த டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனை, உள்ளே கொடுக்கும் மின்னழுத்தத்தில் எவ்வளவு வெளியே வரும் என்பதை, ஒரே கோவையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். உன் மாணவர்கள் அதை மேதைமை என்று எழுதப்போகிறார்கள். உன் மகள் பார்த்ததெல்லாம் விடை மட்டும். விடையைப் பார்த்து யாராவது வழியைக் கற்றுக்கொண்டது உண்டா?

எங்களை மாட்டிவிட்டது மிகச் சாதாரணமான ஒரு கணக்கு. ஒரு ரெசிஸ்டர், ஒரு கப்பாசிட்டர். அதன் வால் பிடித்து அதே போல இன்னொரு ஜோடி. மைதிலி ஒரு ஜோடிக்கு மட்டும் விடை எழுதி, அதை அதனாலேயே பெருக்கினாள். நானும் தலையாட்டினேன். நீ சொல்லும் சோதனைகளையும் செய்தோம். அதிர்வெண் மிகக் குறைந்தால் உள்ளே போனது முழுதாக வெளியே வர வேண்டும், வந்தது. மிக உயர்ந்தால் ஒன்றும் வரக்கூடாது, வரவில்லை. இரண்டு கோடியிலும் விடை சரி.

"நான் போட்டது சரியா இருக்காது சித்தி" என்று எழுந்தாள். உன் மேசை டிராயரிலிருந்து சாமான்களை எடுத்து, போர்டில் செருகி, அலையைத் திரையில் காட்டும் உன் ஸ்கோப்பில் மாட்டினாள். நடு அதிர்வெண் ஒன்றில் பாதி வர வேண்டும் என்றது எங்கள் விடை. வந்தது மூன்றில் ஒரு பங்கு.

அவள் எழுதிய விடையைக் குறுக்கே அடித்தாள். "பாத்தேளா? அம்மா சொன்னது ஷரியாக்கும். நான் மண்டு."

"அப்போ நானும் மண்டு. நீ பெருக்கினப்போ நானும்தானே தலையாட்டினேன்?"

"நீங்க பழைய மண்டு சித்தி" என்றாள். பிறகு என்ன தோன்றியதோ, இரண்டாவது ஜோடியைக் கழற்றிவிட்டு முதலாவதை மட்டும் அளந்தாள். மறுபடி சேர்த்தாள். மறுபடி கழற்றினாள். "ரெண்டாவது வந்து ஒட்டிண்டதும் முதலாவது இறங்கிப் போறது. பின்னே எப்படிப் பெருக்கறது? தனியா இருந்தா நன்னா இருக்கு, பாருங்கோ."

சுற்றைப் பற்றித்தான் சொன்னாள். நான் உன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பிகள் சேரும் ஒவ்வொரு சந்திப்பிலும் போகும் மின்னோட்டத்தையும் வரும் மின்னோட்டத்தையும் எழுதி, ஒன்றை மற்றதில் போட்டு, குறி தப்பி, அடித்து, மறுபடி எழுதி, ஒரு பக்கம் முழுக்க அசிங்கப்படுத்தினாள். குமாஸ்தா கணக்கு என்று நீ சொல்வாயே, அதுதான். கடைசியில் நடு அதிர்வெண்ணைப் போட்டாள். மூன்றில் ஒன்று. "வந்துடுத்து" என்றாள், யாரோ கேட்டுவிடப்போகிறார்கள் என்பது போல.

பரீட்சையில் வேறு சுற்று வந்தது. தாள் தாளாக எழுதினேன் என்றாள். தேறிவிட்டாள், அக்கா. மதிப்பெண் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நீ இருந்தால் நிச்சயம் அதைச் சொல்லிக்காட்டியிருப்பாய்.

அத்திம்பேர் உன் படத்துக்குப் பூ வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். "எல்லாம் அம்மாவோட ஆசீர்வாதம். நமஸ்காரம் பண்ணு."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "அம்மா இருந்திருந்தா இந்தத் தடவையும் தோத்திருப்பேன், அப்பா."

கோபமில்லை, அழுகையில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள். நான் கண்டிப்பேன் என்று அத்திம்பேர் என்னைப் பார்த்தார். நான் கண்டிக்கவில்லை.

இதை மலருக்கு எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்கோ. அம்மாவுக்குத் தப்பான விடை பிடிக்காது" என்றாள்.

உனக்கு அவள்மேல் உயிர் என்று எல்லோரும் எழுதுவார்கள். இருந்திருக்கலாம். அது அவளுக்கு எப்போது தெரிய வேண்டும் என்று நினைத்திருந்தாய்?

அத்திம்பேர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார், அவள் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுவாள் என்று. அப்படிச் செய்யச் சொல்லி நான் ஒருநாளும் அவளைக் கேட்கமாட்டேன். என் வாக்கு இது, உன்னிடமே தருகிறேன்.

உன் தங்கையும் மைதிலியின் சித்தியுமான
உமா