பத்துக்குக் குறைந்தால்

நிலவு, கணக்கெடுப்பு நிலையம். எழுதுவது வடிவாம்பிகை, புள்ளியியல் அலுவலர். இங்கே நான் ஒருத்திதான்.

நாள் 212, காலை 10:00
காற்றழுத்தம் சீர். மின்கலம் 91 விழுக்காடு. திருத்திய இரகசியக் காப்பு விதிகள் இன்று நண்பகல் முதல் அமலுக்கு வருகின்றன. இனி ஒரு சுரங்கக் குடியிருப்பில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணை வெளியிட மாட்டோம். தினமும் நண்பகலில் வெளியாகும் அட்டவணையில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். முன்பு வரம்பு மூன்று. போன கணக்கெடுப்பில் "நான்காம் குழி, நுரையீரல் நோயாளிகள் மூவர்" என்று வெளியிட்டோம். அந்த மூவர் யாரென்று ஒப்பந்தக்காரர் ஒரே நாளில் கண்டுபிடித்து வேலையைவிட்டு நீக்கிவிட்டார். அந்தக் கோபத்தில்தான் ஏழு மாதம் மல்லுக்கட்டி இந்தத் திருத்தத்தை எழுதினேன். கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

நாள் 215, பிற்பகல் 2:20
வடமுனைக் குழியில் சரிவு. பதினோரு பேரில் இருவர் இறந்துவிட்டார்கள். வண்டிப்பாதை மூடிவிட்டது, திறக்க மூன்று வாரம் ஆகுமாம். மேஸ்திரி சூசைரத்தினம் இரண்டு இறப்பையும் முறைப்படி பதிந்திருக்கிறார். மீதி ஒன்பது பேர்.

நாள் 216, பிற்பகல் 12:40
நண்பகல் அட்டவணையில் வடமுனைக் கட்டம் வெறுமை. விதி சரியாக வேலை செய்திருக்கிறது. பன்னிரண்டரைக்குக் காற்றுப் பங்கீட்டு இயந்திரம் வடமுனைக் குழாயை அடைத்துவிட்டது. வெளியிட்ட அட்டவணையைத் தவிர அது வேறெதையும் படிக்காது. வெறும் கட்டம் என்றால் அதற்கு ஆளில்லை என்று அர்த்தம். ஏழு மாதத்தில் இது எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.
வடமுனைச் செய்தி: "மேடம், குழாயில காத்து நின்னுட்டு. சிலிண்டரு ஏழு நாளைக்குத் தாங்கும். ஒம்பது பேரும் படுத்தே கெடக்கோம், மூச்சு மிச்சமாவும்லா. சூசைரத்தினம்."

நாள் 217, காலை 11:05
விதியை நிறுத்திவைக்கும்படி பூமியில் உள்ள தலைமையகத்தைக் கேட்டேன். இயக்குநர் பார்கவனின் பதில்: "மிகவும் வருந்துகிறோம். விதியை மாற்ற முப்பது நாள் பொதுமக்கள் கருத்துக் கேட்க வேண்டும். காற்றுப் பங்கீடு நம் துறையில் வராது. அவர்களுக்கு நகல் அனுப்பியுள்ளேன்."
பங்கீட்டுத் துறையும் பதில் எழுதிவிட்டது. வெளியிடப்பட்ட எண் இருந்தால் உடனே ஆவன செய்வார்களாம். நல்ல மனிதர்கள்தான் எல்லாரும்.

நாள் 218, பிற்பகல் 1:00
எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. சிறிய கட்டத்தைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்து ஒரே எண்ணாக வெளியிடலாம். வடமுனையைக் கருமேட்டுக் குழியோடு சேர்த்தேன். நாற்பதும் ஒன்பதும் நாற்பத்தொன்பது. இயந்திரம் நாற்பத்தொன்பது பேருக்கான காற்றையும் கருமேட்டுக்கே அனுப்பிவிட்டது. அங்கிருந்து வடமுனைக்குக் குழாய் கிடையாது. கருமேட்டுக்காரர்கள் இன்று தாராளமாக மூச்சு விட்டிருப்பார்கள். நான் அழுதேன்.

நாள் 219, மாலை 4:30
சேர்த்ததைப் பிரித்துவிட்டேன். வடமுனைக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். இல்லாத ஆளைப் பதிய முடியாது, பதிவேடு கைரேகை கேட்கும். என் கைவசம் இருப்பது ஒரே ஒரு கைரேகை.
அலுவலர் பட்டியலுக்குப் பத்துப் பேர் வரம்பு கிடையாது; எனக்குக் காற்று வருவது அதன் வழியாகத்தான். வடமுனைவாசியாகப் பதிந்தால் என் பெயர் அதிலிருந்து போய்விடும். சூசைரத்தினத்திடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் ஒத்துக்கொள்ள மாட்டார்.
பதிந்துவிட்டேன்.

நாள் 220, பிற்பகல் 12:45
வடமுனை: 10. இவ்வளவு அழகான எண்ணை நான் பார்த்ததில்லை.
12:30க்கு அங்கே குழாய் திறந்தது, இங்கே மூடியது. அவசரச் சிலிண்டர் இருபத்துநான்கு மணி நேரம் வரும். நான் இப்போது அலுவலர் இல்லை என்பதால் பதிவேடும் செய்தி அனுப்பும் கருவியும் திறக்க மறுக்கின்றன. வரும் செய்திகளைப் படிக்கலாம், அட்டவணையைப் பார்க்கலாம். இந்தக் குறிப்பேடு மட்டும் எழுதவிடுகிறது.
பயமாக இருக்கிறது. ஆனால் பாதை திறக்கும்வரை அவர்களுக்குக் காற்று உண்டு.

நாள் 221, காலை 9:15
வடமுனைச் செய்தி: "மேடம், காத்து வந்துட்டு. நீங்க நல்லாருக்கணும். ஆனா இசக்கியம்மாவுக்கு நெஞ்சு தாங்கல, காலையில போய்ட்டாவ. கையோட பதிஞ்சிட்டேன். அவிய பேரு வெளிய யாருக்கும் தெரியாதுல்லா?"
அண்ணாச்சி, பதிந்ததைத் திரும்பப் பெறுங்கள். ஒரு நாள் பொறுங்கள்.
கருவி என் கைரேகையை ஏற்கவில்லை. பதினேழு முறை அழுத்திவிட்டேன்.

நாள் 221, 12:00
வடமுனை: வெறுமை.

12:34
அங்கே குழாய் அடைத்திருக்கும். இங்கே தலை கனக்கிறது, எழுத்து கோணுகிறது. இதை எடுப்பவருக்கு: அந்தக் கட்டம் காலி இல்லை. உள்ளே எட்டுப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். யார் பெயரையும் வெளியே சொல்ல மாட்டோம் என்ற வாக்கை மீறிப் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். பெயர் தெரிந்தால் யாராவது போய்க் கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.
சூசைரத்தினம்.
மற்ற ஏழு பேர்
தெரியாது. அலுவலருக்கு எண் போதும், பெயர் காட்டக்கூடாது என்று திருத்தத்தில் ஆறாவது பிரிவு. அதையும் நான்தான்