கீழே எட்டு, பக்கத்தில் நான்கு

2016 ஒக்டோபர் 9, ஞாயிறு

சாள்ஸ் சேரின் கணித வகுப்பில் நாற்பது பேர். முப்பத்தொன்பது பேருக்குப் பதினாறு வயது. எனக்கு இருபத்தொன்பது. கடைசி வாங்கில் சுவரோடு ஒட்டி உட்காருகிறேன். சாதாரண தரப் பரீட்சையில் எனக்கு மிச்சம் இந்த ஒரு பாடம்தான்.

இன்று நேர்கோட்டின் சமன்பாடு. வரைபுத்தாளில் இரண்டு புள்ளிகள்: (2, 3), (6, 11). கட்டங்களை எண்ணி, கோடு எவ்வளவு சாய்கிறது என்ற படித்திறனைக் காண வேண்டும், பிறகு அது y அச்சை வெட்டும் வெட்டுத்துண்டு. எண்ணினேன். கீழே எட்டு, பக்கத்தில் நான்கு. படித்திறன் சய இரண்டு, அதாவது −2. y = −2x + 7 என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

சேர் கொப்பியைத் தூக்கிப் பிடித்தார். “பிள்ள, கோடு ஏறிப் போகுது. நீர் இறங்குது எண்டு எழுதியிருக்கிறீர். கண் எங்க?”

பிள்ளைகள் சிரித்தார்கள். கண் முகத்தில்தான் இருக்கிறது சேர். சொல்லவில்லை.

ஒக்டோபர் 12

பத்துக் கணக்கு, எட்டில் குறி பிழை. எண்கள் எல்லாம் சரி. மற்றப் புள்ளியைப் போட்டுப் பார்த்தால் பொருந்தவில்லை என்று தெரிகிறது. அழித்துவிட்டு மறுபடி எண்ணினால் அதே விடை. எங்கே பிழை என்று தெரிந்தால்தானே திருத்தலாம்? அழித்தழித்துத் தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

சூத்திரத்தைப் பாவித்துச் செய்யும் என்கிறார் சேர். அதில் எது முதலாவது, எது இரண்டாவது என்று குழம்பிப் போகிறேன். கட்டம் எண்ணுவது மட்டும்தான் என் கைக்கு வருகிறது. அதுவும் இப்படி.

ஒக்டோபர் 20

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் அதிபர் கூப்பிட்டார். என்னைப் போன்ற தொண்டர் ஆசிரியர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் வருகிற வருடம் போகிறதாம்.

“டீச்சர், கணிதம் மட்டும்தான் உங்கட குறை. இந்த முறையும் இல்லாட்டி உங்கட இடத்துக்கு வேற ஆள்தான் வரும்.”

ஆறு வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் இஸ்லாம் பாடம் எடுக்கிறேன். இன்னும் தனிக் கொப்பியில்தான் கையெழுத்து. ஆசிரியர் வரவுப் புத்தகத்தில் என் பெயர் இல்லை. ஒரு கோட்டுக்காக இதையும் விட வேண்டுமா?

ஒக்டோபர் 27

என் கணவர் ஹாசிம் நுரைச்சோலை மின் நிலையத்தில் வேலை முடிந்து வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு தரம் எழுதியாச்சு. குர்ஆன் ஓதிக் குடுக்கிற ஆளுக்கு என்னத்துக்கு இந்தக் கரச்சல்?”

ஆறுதலுக்குத்தான் சொன்னார், தெரியும். ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது. கொப்பியை அலுமாரிக்குள் எறிந்தேன். பிறகு நானே எடுத்தேன்.

நவம்பர் 3

இந்தக் கிழமை வகுப்புக்குப் போகவில்லை.

நவம்பர் 8, செவ்வாய்

பின்னேரம் நான் ஓதிக் கொடுக்கும் மதரஸாவில் புதிதாக ஒரு பிள்ளை, அலீமா. ஆறு வயது. இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியவள். விரலை அரபு வரியின் இடக்கோடியில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

“அந்தப் பக்கம் இல்ல மகள், இந்தப் பக்கத்தால தொடங்குங்க” என்று விரலைப் பிடித்து வலப்பக்கம் வைத்தேன். வைத்த கையை எடுக்க மறந்து அப்படியே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அபாயாவைக்கூடக் கழற்றவில்லை. வரைபுத்தாளை விரித்து, பென்சில் எங்கே போகிறது என்று பார்த்தேன். வலப்பக்கப் புள்ளிக்குப் போனது. அங்கிருந்து கீழே எட்டு, பக்கத்தில் நான்கு. இடப்பக்கமாக நான்கு. எனக்கு அதுதான் முன்னால் போவது. எட்டுக்குச் சய போட்ட நான், அந்த நான்குக்குச் சய போட வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

இடப்பக்கத்திலிருந்து எண்ணினேன். மேலே எட்டு, பக்கத்தில் நான்கு, படித்திறன் இரண்டு. (2, 3) ஐப் போட்டால் வெட்டுத்துண்டு c சய ஒன்று. y = 2x − 1. மற்றப் புள்ளியும் பொருந்தியது.

அரபுக் கல்லூரியில் ஏழு வருடம். ஓதிக் கொடுத்தது பத்து வருடம். என் கண் வலப்பக்கத்தில் தொடங்காமல் வேறெங்கே தொடங்கும்? கவனமில்லை, கவனமில்லை என்றார்களே. சிரிப்பு வந்தது, பிறகு அழுதுவிட்டேன்.

நவம்பர் 13, ஞாயிறு

வகுப்பு முடிந்ததும் சேரிடம் விளக்கினேன். வரைந்தும் காட்டினேன்.

“சாட்டுச் சொல்லாதேயும் பிள்ள. கவனமாப் பார்த்தா சரி வரும்” என்றார்.

சாட்டாம், நொண்டிச் சமாதானமாம். வழி முழுக்க அந்தச் சொல்லையே சப்பிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 21

தெரிந்தும் கை கேட்கவில்லை. பத்தில் ஐந்து பிழை. இன்றிலிருந்து ஒவ்வொரு வரைபிலும் முதலில் இடக்கோடியில் ஓர் அம்பு போடுவேன்.

நவம்பர் 30

பத்தில் ஒன்று பிழை. அதற்கு அம்பு போட மறந்திருந்தேன்.

டிசம்பர் 13

பரீட்சை. கோடு வந்தது. அம்பு போட்டேன், எண்ணினேன், மற்றப் புள்ளியையும் போட்டுப் பார்த்தேன். வட்டக் கணக்கு வரவில்லை. நிகழ்தகவு பாதிதான். வெளியே பிள்ளைகள் எல்லாம் லேசு என்று கதைத்தார்கள். எரிச்சலாக இருந்தது.

2017 மார்ச் 28

கணிதம்: சாதாரண சித்தி. தேறிவிட்டேன். ஹாசிம் போனை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு கடைக்குப் போய்ப் பாணும் இறைச்சிக் கறியும் வாங்கி வந்தார்.

ஏப்ரல் 7, வெள்ளி

பட்டியலில் என் பெயரைச் சேர்த்து அனுப்பிவிட்டதாக அதிபர் சொன்னார்.

பின்னேரம் சாள்ஸ் சேரின் அழைப்பு. இதுவரை அவர் எனக்கு ஒருநாளும் போன் எடுத்ததில்லை.

“டீச்சர், அரபுக் கல்லூரியால ரெண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்திருக்கு. எண் எல்லாம் சரியா வருது. குறி மட்டும் பிழை. நாளைக்கு ஒருக்கா வந்து பார்க்க ஏலுமா?”

அலுமாரியைத் திறந்து அந்தப் பழைய கொப்பியை எடுத்தேன். அவர் இன்னும் வைக்கவில்லை.

“அதுகளுக்கு நான் ஏசல்ல. சாட்டு எண்டும் சொல்லல்ல” என்றார்.

ஐந்து மாதம் பிந்திய பேச்சு. இருந்தாலும் நாளைக்குப் போகிறேன்.